முதல் ஐந்து வாக்குகள்

கார்த்திகை மாதம், மழை விட்ட இரண்டாம் நாள். இரவுச் சாப்பாடு முடித்துத் திண்ணையில் உட்கார்ந்தபோது எங்கள் தளத்தில் ஒரு கேள்வி வந்தது. "சம்பாப் பயிர் திட்டுத் திட்டாகத் தீய்ந்தாற்போல் இருக்கிறது. நெற்குத்தைப் பிரித்துப் பார்த்தால் அடித்தண்டில் சின்னச் சின்னப் பூச்சிகள். என்ன மருந்து அடிக்கலாம்?" கேட்டவர் குடவாசல் பக்கத்து விவசாயி, அறுபதைத் தாண்டியவர். கூடவே படமும் போட்டிருந்தார். தண்டின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி என்று பார்த்ததுமே தெரிந்தது.

அரை மணி நேரத்துக்குள் ஒரு பதில் வந்தது. செயற்கை பைரித்ராய்டு வகை மருந்து ஒன்றின் பெயர், ஏக்கருக்கு இவ்வளவு என்ற அளவு, "இரண்டே நாளில் பூச்சி உதிரும்" என்ற உறுதிமொழி. அடுத்த நாற்பது நிமிடங்களில் அதற்குப் பதினொரு வாக்குகள் விழுந்தன. மறுநாள் காலை வலங்கைமான் பக்கத்துப் பெரியவர் ஒருவர் எழுதினார்: "அந்த மருந்தை அடிக்காதீர்கள். புகையானைத் தின்னும் சிலந்தியை முதலில் அதுதான் கொல்லும்; புகையான் முன்னைவிடப் பெருகும். தண்ணீரை வடியுங்கள். யூரியாவை நிறுத்துங்கள். பயிரை ஒதுக்கி அடித்தண்டில் வெயில் படச் செய்யுங்கள்." அவர் சொன்னது ஒவ்வொன்றும் சரி. அதற்குக் கிடைத்தவை இரண்டு வாக்குகள். பதினொன்றின் கீழே, திரையை இரண்டு முறை தள்ளினால்தான் கண்ணில் படும் இடத்தில் அது கிடந்தது. கேள்வி கேட்டவர் அதற்குள் மருந்து அடித்துவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் அவர் தொலைபேசியில் அழைத்தார். திட்டுத் திட்டாக இருந்தது முக்கால் வயலுக்குப் பரவியிருந்தது. குரலில் கோபம் இல்லை. "மேலே இருந்ததைத்தான் அடித்தேன் பாப்பா. மேலே வைத்தது நீங்கள்தானே?" என்றார்.

வாக்குப் போட்டவர்கள் மேலே வைத்தார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. வாக்குப் போட்டவர்கள் வேறு யாராகவும் இருக்கலாம். எது மேலே, எது கீழே என்று முடிவு செய்யும் வரிசையை எழுதியது என் கை. மூன்றே வரி நிரல். அந்த மூன்று வரியை எழுதும்போது அது ஒருவருடைய வயலில் போய் முடியும் என்று நான் நினைத்திருக்கவில்லை. அந்த அழைப்புக்குப் பிறகு கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். ஊர்க்குழு, மாணவர் குழு, வாசகர் வட்டம் என எதையாவது இணையத்தில் நடத்துபவர்களுக்கு உதவக்கூடும்.

எங்களுடையது சிறிய தளம். சென்னையில் சில ஆண்டுகள் மென்பொருள் வேலை பார்த்துவிட்டு, அப்பாவின் உடல்நிலை காரணமாக நீடாமங்கலத்துக்குத் தெற்கே எங்கள் ஊருக்கே திரும்பி வந்தபோது தொடங்கினேன். வாட்ஸ்அப் குழுக்களில் நல்ல விவரங்கள் வந்தன. ஆனால் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் மாலைக்குள் புதைந்துபோயின. சென்ற ஆண்டு யாரோ சொன்ன நல்ல யோசனையை இந்த ஆண்டு தேடி எடுக்க வழியில்லை. எனவே கேள்வியும் பதிலும் நிலைத்து நிற்கும்படி ஒரு தளம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை நான்கு மாவட்டங்களிலிருந்தும் சில நூறு பேர் சேர்ந்தார்கள். எந்தப் பதிலுக்கு வாக்கு அதிகமோ அது மேலே. அவ்வளவுதான் விதி. நியாயமான விதி என்றே நம்பினேன்.

வாக்குகளை வெறுமனே கூட்டி அடுக்கினால் என்ன நடக்கும் என்பதைக் காவிரிக்கரையில் பிறந்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே நனைந்த வாய்க்காலில்தான் தண்ணீர் விரைந்து ஓடும். காய்ந்த வாய்க்கால் முதல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு அப்படியே நிற்கும். முதலில் நான்கு வாக்கு பெற்ற பதில் மேலே போகிறது. மேலே இருப்பதால் அதைப் பலர் பார்க்கிறார்கள். பார்ப்பதால் வாக்கிடுகிறார்கள். பிந்தி வந்த பதில் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதைப் படிக்க ஆளில்லை.

இது வெறும் ஊகமல்ல. 2013இல் லெவ் மூச்னிக், சினான் ஆரல், ஷான் டெய்லர் ஆகிய மூவரும் 'சயின்ஸ்' ஆய்விதழில் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். செய்திகளைப் பகிர்ந்து விவாதிக்கும் தளம் ஒன்றில் ஐந்து மாதங்களில் எழுதப்பட்ட 1,01,281 கருத்துகளை எடுத்துக்கொண்டார்கள். எழுதப்பட்ட உடனே, குலுக்கல் முறையில் எடுத்த சிலவற்றுக்கு ஒரு மேல்வாக்கு, சிலவற்றுக்கு ஒரு கீழ்வாக்கு போட்டார்கள், மற்றவற்றைத் தொடவில்லை. மேல்வாக்கு விழுந்த கருத்தை அடுத்துப் பார்த்தவர் தாமும் மேல்வாக்கிடும் வாய்ப்பு 32 சதவீதம் கூடியது. கடைசியில் அக்கருத்துகளின் மதிப்பு சராசரியாக 25 சதவீதம் உயர்ந்து நின்றது. கீழ்வாக்கு விழுந்தவற்றையோ மற்றவர்கள் மேல்வாக்கிட்டுச் சரிசெய்துவிட்டார்கள். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பொய்யாகத் தாழ்த்தப்பட்டதை மக்கள் தூக்கி நிறுத்துகிறார்கள். பொய்யாக உயர்த்தப்பட்டதை அப்படி இறக்குவதில்லை. ஒரே ஒரு வாக்குக்கு இவ்வளவு வலு என்றால் பதினொரு வாக்கை என்னவென்று சொல்வது?

அந்தப் பதினொன்று யாருடையவை என்று பதிவேட்டைப் புரட்டினேன். ஒன்பது கணக்குகள் அதே மாதம் தொடங்கப்பட்டவை. ஒன்றுகூட அதற்குமுன் கேள்வி கேட்டதில்லை, பதில் சொன்னதில்லை. ஒன்பதும் பத்து நிமிட இடைவெளிக்குள் வந்திருந்தன. எல்லாமே எங்கிருந்தோ அனுப்பப்பட்ட ஒரே இணைப்பைத் தொட்டு நேராக அந்தப் பதிலுக்கு வந்து, வாக்கிட்டு, வேறெதையும் படிக்காமல் வெளியேறியிருந்தன. பதிலை எழுதியவர் பூச்சிமருந்துக் கடை வைத்திருப்பவர். ஒன்பது கணக்குகளும் அவருடைய கடை ஆட்கள், நண்பர்கள். அவரைப் பற்றி இதற்குமேல் எழுதப்போவதில்லை. தம் கையில் இருந்த சரக்கை நம்பித்தான் அவர் எழுதினார் என்று இன்றும் நினைக்கிறேன்.

இத்தகைய கூட்டு வாக்கைக் கண்டுபிடிக்கப் பெரிய கணிதம் வேண்டாம். யார் யாருக்கு எப்போது வாக்கிட்டார் என்று நேரத்தோடு குறித்து வைத்திருந்தால் போதும். தொடக்கத்தில் நான் எண்ணிக்கையை மட்டும் சேமித்தேன், யார் போட்டது என்பதைச் சேமிக்கவில்லை. நல்லவேளையாக அதைச் சில மாதங்களுக்கு முன்பே மாற்றியிருந்தேன். தளம் தொடங்குபவர்கள் முதல் நாளே செய்ய வேண்டிய வேலை இது. அதன்பின் சில அடையாளங்களைப் பார்க்கலாம்: ஒருவருக்கு மட்டுமே வாக்கிடும் கணக்கு, ஒரே கூட்டமாக வந்து போகும் கணக்குகள், படிக்க எடுக்கும் நேரம்கூட இல்லாமல் விழும் வாக்கு, வெளியிலிருந்து நேரடி இணைப்பில் வந்து இடப்படும் வாக்கு. கடைசி வகையை நான் இப்போது வரிசைக்குக் கணக்கில் எடுப்பதே இல்லை. கேள்விப் பக்கத்துக்கு வந்து, மற்றப் பதில்களையும் கடந்து வந்தவரின் வாக்கே வரிசையைத் தீர்மானிக்கும். இந்த ஒரு மாற்றமே பாதித் தொல்லையைத் தீர்த்தது.

ஒரு பெரிய தவறும் செய்தேன். ஒரே இணைய முகவரியிலிருந்து பல வாக்குகள் வந்தால் அது ஒரே ஆள்தான் என்று நினைத்து, அந்த முகவரியின் வாக்குகளை நிறுத்தும் விதியைப் போட்டேன். இரண்டே நாளில் திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து ஏகப்பட்ட புகார். செல்பேசி நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு ஊரே ஒரு ஆள் மாதிரித் தெரியும். அதோடு நம் வீடுகளில் அப்பாவும் மகனும் ஒரே கைபேசியைப் பயன்படுத்துகிறார்கள். நகரத்தில் உட்கார்ந்து எழுதப்பட்ட பாதுகாப்பு விதியை அப்படியே எடுத்து வந்து வைத்தால் கடைமடைக்காரன்தான் முதலில் வெளியே நிற்பான். முகவரியை இப்போது ஓர் ஐயத்துக்கான குறிப்பாக மட்டுமே வைத்திருக்கிறேன். அதை மட்டும் வைத்து யார் வாக்கையும் தள்ளுவதில்லை.

அடுத்து வரிசை. பெரிய தளங்கள் எப்படி அடுக்குகின்றன என்று தேடிப் படித்தேன். தொழில்நுட்பச் செய்திகளைப் பகிரும் ஹாக்கர் நியூஸ் தளத்தின் அடிப்படைச் சூத்திரம் வெளியானதுதான்: வாக்குகளில் ஒன்றைக் கழித்து, பதிவு வந்து எத்தனை மணி நேரமாயிற்றோ அதனோடு இரண்டைக் கூட்டி, அதை 1.8 அடுக்குக்கு உயர்த்தி வகுப்பது. ஒரு மணி நேரத்துக்கு முன் வந்து 11 வாக்கு பெற்ற பதிவுக்கு மதிப்பு ஏறத்தாழ 1.4. இருபத்திரண்டு மணி நேரத்துக்கு முன் வந்து 101 வாக்கு பெற்றதற்கு ஏறத்தாழ 0.33. நேற்றைய நூறு இன்றைய பத்துக்குக் கீழே போகிறது. ரெட்டிட் என்ற விவாதத் தளத்தின் பழைய சூத்திரம் வேறு விதம்: வாக்கின் மடக்கையை (log) எடுக்கிறது. அதில் முதல் பத்து வாக்குக்கு இருக்கும் எடை, அடுத்த தொண்ணூறு வாக்குக்கும் சேர்த்துத்தான் இருக்கும். பன்னிரண்டரை மணி நேரம் பிந்தி வரும் பதிவு, பத்து மடங்கு வாக்கு பெற்ற பழைய பதிவுக்குச் சமமாக நிற்கும்.

இரண்டுமே செய்திக்கு ஏற்றவை. மேட்டூரில் எவ்வளவு தண்ணீர் திறந்தார்கள், எந்த நேரடிக் கொள்முதல் நிலையத்தில் சாக்கு இல்லை, எந்த வாய்க்காலில் முறை மாறியிருக்கிறது போன்றவற்றில் நேற்றையது இன்று பழையது. எங்கள் செய்திப் பகுதிக்கு முதல் சூத்திரத்தைக் கொஞ்சம் மாற்றி வைத்தேன். இரவில் எல்லோரும் தூங்குவதால் இரவு பத்து முதல் காலை ஐந்து வரை நேரத்தை ஓடவிடாமல் நிறுத்தினேன்.

புகையானுக்கு என்ன செய்வது என்ற கேள்வி செய்தி அல்ல. அதற்குச் சென்ற ஆண்டு வந்த நல்ல பதில் இந்த ஆண்டும் நல்ல பதில்தான். அதை மணிக்கணக்கில் கீழே இறக்கக்கூடாது. செய்தியையும் அறிவையும் ஒரே அளவுகோலால் அளந்ததுதான் என் முதல் குற்றம் என்று இப்போது தெரிகிறது.

பதில்களுக்கு நான் எடுத்துக்கொண்டது எட்வின் வில்சன் என்ற புள்ளியியலாளர் 1927இல் தந்த முறை. 2009இல் ரெட்டிட் தன் கருத்துகளை அடுக்க இதைக் கொண்டுவந்தது. பெயர் பயமுறுத்தினாலும் விஷயம் நமக்குப் பழகியதுதான். விதைநெல்லுக்கு முளைப்புப் பார்க்கிறோம். ஐந்து விதை போட்டேன், ஐந்தும் முளைத்தது என்று ஒருவர் சொன்னால் அந்த விதையை நம்பி ஒரு வேலி நிலத்துக்கு நாற்றங்கால் விடுவீர்களா? நூறு போட்டேன், தொண்ணூறு முளைத்தது என்பவரைத்தான் நம்புவோம். ஐந்துக்கு ஐந்து என்பது நூறு சதவீதமாக இருக்கலாம், ஆனால் பார்த்தது போதாது. வில்சனின் முறை இதைத்தான் எண்ணாகச் சொல்கிறது: இதுவரை விழுந்த வாக்குகளை வைத்துக் குறைந்தபட்சம் எவ்வளவு நம்பலாம்? 95 சதவீத உறுதியில் கணக்கிட்டால் ஐந்துக்கு ஐந்து ஆதரவு பெற்ற பதிலுக்கு 0.57 கிடைக்கும். நாற்பத்து நான்கு பேரில் நாற்பது பேர் ஆதரித்த பதிலுக்கு 0.79. நான்கு பேர் மறுத்த பதில் மேலே நிற்கிறது, அதுதான் நியாயமும்.

வில்சன் முறையாலும் முதல் பத்து மணி நேரத்தைக் காப்பாற்ற முடியாது. அப்போது எல்லாப் பதிலுக்கும் வாக்கு குறைவு. எனவே ஐந்து கள்ள வாக்குக்கு அப்போதுதான் அதிக வலு. அதற்கு வேறு வழி வேண்டியிருந்தது. ஒரு கேள்வி வந்து இருபத்து நான்கு மணி நேரத்துக்கு எந்தப் பதிலுக்கும் வாக்கு எண்ணிக்கை காட்டுவதில்லை. பார்ப்பவர் ஒவ்வொருவருக்கும் பதில்கள் வேறு வேறு வரிசையில், குலுக்கிப் போட்டது போல வரும். ரெட்டிட்டில் போட்டிகளுக்கு இப்படி ஓர் ஏற்பாடு இருப்பதைப் பார்த்து எடுத்துக்கொண்டேன். தொடக்கத்தில் உறுப்பினர்கள் சலித்துக்கொண்டார்கள். "எது நல்லது என்று சொல்லத்தானே வாக்கு? அதை மறைத்தால் எப்படி?" என்று கேட்டார்கள். புகையான் கதையைப் பெயர் சொல்லாமல் எழுதினேன். அதன்பின் யாரும் கேட்கவில்லை. அவசரமான கேள்விக்கு ஒரு நாள் காத்திருக்க முடியாதே என்பது உண்மையான குறை. அதற்குப் பின்னால் வருகிறேன்.

பொத்தானின் பெயரையும் மாற்றினேன். 'பிடித்திருக்கிறது' என்று இருந்ததை 'எனக்குப் பயன்பட்டது' என்று ஆக்கினேன். சொல் மாறியதும் கை தயங்குகிறது. செய்து பார்க்காதவர் பயன்பட்டது என்று சொல்லக் கூசுகிறார். இவ்வளவு சிறிய மாற்றம் இவ்வளவு வேலை செய்யும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கடைக்காரர் விவகாரம் எளிது. கடினமானது வேறொன்று. எங்கள் தளத்தில் எல்லோரும் மதிக்கும் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் இருக்கிறார். ஐம்பது ஆண்டு சாகுபடி அனுபவம். அவர் பதில்களில் தவறு காண்பது அரிது. கூட்டு வாக்குகளைத் தேடும் நிரலை முதன்முறை ஓட்டியபோது மேலே வந்து நின்ற பெயர் அவருடையது. திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கும் மகன்கள், மருமகள்கள், தம்பி பிள்ளைகள் என ஏழு பேர் அவர் எழுதும் ஒவ்வொரு பதிலுக்கும் உடனே வாக்கிட்டிருந்தார்கள். வேறு யாருக்கும் ஒரு வாக்குகூட இல்லை. நேரில் போய்ப் பார்த்தேன். காபி கொடுத்து உட்கார வைத்தார். விஷயத்தைச் சொன்னதும் வருத்தமாகப் பார்த்தார். "நான் எழுதியதில் ஏதாவது தவறா அம்மா?" "இல்லை ஐயா." "பிறகென்ன? என் பிள்ளைகள் என்னைப் படிக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன்."

எனக்கு விடை கிடைக்கச் சில நாள் ஆயிற்று. 2014இல் ரெட்டிட்டில் உயிரியல் கேள்விகளுக்கு விளக்கம் எழுதிப் பெரும்புகழ் பெற்ற ஒருவர் வெளியேற்றப்பட்டார். ஐந்து மாற்றுக் கணக்குகளை வைத்துத் தம் பதிவுகளுக்குத் தொடக்கத்தில் மேல்வாக்கும், தம்மோடு போட்டியிட்டவற்றுக்குக் கீழ்வாக்கும் போட்டதை அவரே ஒப்புக்கொண்டார். அறிவில் குறை இல்லாதவர், மக்கள் விரும்பியவர். அவர் எழுதியது தவறு என்பதல்ல சிக்கல். ஏழு வாக்கை முன்கூட்டியே பையில் வைத்துக்கொண்டு வருபவரின் அருகே, யாரும் இல்லாத ஒரு வலங்கைமான் பெரியவர் எழுதும்போது, அவர் பதில் ஏழு படி கீழிருந்து ஏறத் தொடங்குகிறது. ஆசிரியர் சரியாகச் சொல்லும் நாளில் இது தெரியாது. அவர் தவறும் ஒரு நாளில்தான் தெரியும்; அன்று திருத்துபவரின் குரல் கேட்காது.

அப்போது நினைவுக்கு வந்தது உத்தரமேரூர். டெல்டாவுக்கு வெளியே, காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கும் ஊர். ஆனால் அங்கே ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் எடுக்கும் முறையைச் சொல்லும் ஆணை நம் சோழ மண்ணின் அரசன் முதலாம் பராந்தகன் காலத்தது. 919, 921ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள். ஊரில் முப்பது குடும்புகள், அதாவது பகுதிகள்; தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட வேண்டும். விவரமறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலையை எடுக்கச் செய்ய வேண்டும். ஓலையை வாங்குபவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்று, சபை கேட்க வாசிக்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை இருக்கக்கூடாதே! வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி இடமில்லை. அவருக்கு மட்டுமல்ல, அத்தை மகன், மாமன் மகன், மாமனார், மருமகன், மைத்துனன் என்று உறவுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அடுக்கி அவர்களுக்கும் இடமில்லை என்கிறது கல்வெட்டு. அண்மையில் மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவரும் கூடாது.

அந்தச் சபையில் நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கே இடம் இருந்தது; வயலில் இறங்கியவர்களுக்கும் பெண்களுக்கும் இல்லை. அதை மூடி மறைத்துக்கொண்டு பெருமை பேச எனக்கு மனம் வராது. ஆனால் உறவினர் உறவினருக்குச் சாய்வார் என்பதை யார்மீதும் பழியாகச் சொல்லாமல், இயல்பாக எடுத்துக்கொண்டு விதி செய்த அறிவு அதில் இருக்கிறது. ஆசிரியரிடம் கல்வெட்டைத்தான் காட்டிப் பேசினேன். பிள்ளைகள் படிக்கட்டும், மகிழ்ச்சிதான். உறவு என்று அவர்களே குறித்துவிட்டால் அந்த வாக்கு அவருக்கு அன்பாகப் போய்ச் சேரும், வரிசையில் மட்டும் எண்ணப்படாது என்றேன். மறுநாளே ஏழு பேரும் குறித்துவிட்டார்கள். அவர் பதில்கள் இன்றும் பெரும்பாலும் மேலேதான் நிற்கின்றன.

கடைக்காரரிடமும் நேராகத்தான் சொன்னேன். ஒருவருக்குத் தெரியாமலே அவர் எழுதுவதை மற்றவர் கண்ணிலிருந்து மறைத்துவிடும் வழக்கம் பெரிய தளங்களில் உண்டு. ஆயிரக்கணக்கில் வரும் விளம்பரக் குப்பையை ஒழிக்க அது தேவைப்படலாம். நாளைக்குக் கடைத்தெருவில் எதிரே வரப்போகும் மனிதரிடம் அதைச் செய்வது எனக்கு ஒப்பாது. எந்த அளவைத் தாண்டினால் நிரல் விழித்துக்கொள்ளும் என்பதை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை. விதி வெளிப்படை, அளவு மறைவு.

மூன்றாவது அடி தண்ணீர் விஷயத்தில் விழுந்தது. முறைப்பாசனம் நடந்துகொண்டிருந்த நேரம். கடைமடை ஊர் ஒன்றிலிருந்து ஒருவர், தங்கள் முறை முடியும் முன்பே மேலே மதகுப் பலகையை இறக்கிவிட்டார்கள் என்று படத்தோடு எழுதினார். ஒரே இரவில் முப்பதுக்கும் மேல் கீழ்வாக்கு. கீழ்வாக்கு ஓர் அளவைத் தாண்டினால் பதிவு தானாக மறையும் என்று நான் வைத்திருந்த விதி, காலையில் அந்தப் பதிவை மறைத்துவிட்டது. வாக்கிட்டவர்கள் போலிகள் அல்லர். எல்லோரும் மெய்யான உறுப்பினர்கள், தலைமடை விவசாயிகள், தங்கள் ஊரைப் பழிக்கிறார் என்று மெய்யாகவே கோபப்பட்டவர்கள். கள்ள வாக்கே இல்லாமல் ஒரு குரல் அமுங்கிப்போனது.

இதற்குப் பிறகு கீழ்வாக்கை நான் வேறு கண்ணால் பார்க்கிறேன். நிரல் எழுதுபவர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் மேல்வாக்கிட 15 மதிப்புப் புள்ளி போதும், கீழ்வாக்கிட 125 வேண்டும். ஒரு பதிலுக்குக் கீழ்வாக்கிட்டால் இட்டவருக்கே ஒரு புள்ளி குறையும். ஹாக்கர் நியூஸில் பதிவுகளுக்குக் கீழ்வாக்கே கிடையாது. கருத்துகளுக்கு மட்டும், அதுவும் ஓரளவு மதிப்பு சேர்த்தவர்களுக்கே. தாழ்த்துவதற்கு விலை வைத்திருக்கிறார்கள். எங்கள் செய்திப் பகுதியில் கீழ்வாக்கை எடுத்துவிட்டேன். பதில்களில் 'இது தவறு' என்று சொல்லலாம். ஆனால் ஏன் தவறு என்று ஒரு வரி எழுதாமல் சொல்ல முடியாது. எந்தப் பதிவும் எண்ணிக்கையால் மட்டும் தானாக மறையாது. ஒரு மனிதர் பார்த்துத்தான் மறைக்க வேண்டும். அந்தக் கடைமடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுப் பதிவைத் திரும்ப மேலே வைத்தேன். அதற்குள் தண்ணீர் போய்விட்டிருந்தது.

பார்க்கும் மனிதர் யார்? ஒரு வருடம் வரை நானே. அது தவறு, நான் எந்த மடைக்காரி என்பது எல்லோருக்கும் தெரியும். இப்போது மாதம் ஐவரைக் குலுக்கி எடுக்கிறோம். ஆறு மாதமாவது தொடர்ந்து பங்கெடுத்தவர்களின் பெயர்கள், ஒரு முறை இருந்தவர் அடுத்த ஓராண்டு வரமுடியாது, தம் ஊரோ உறவோ சம்பந்தப்பட்டதில் வாய் திறக்கக் கூடாது. இது கல்வெட்டிலிருந்து வந்தது என்றாலும் ஸ்லாஷ்டாட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளமும் ஏறக்குறைய இதையே செய்தது: சாதாரண உறுப்பினர்களுக்கு ஐந்து புள்ளிகளை மூன்று நாள் ஆயுளோடு கொடுத்து மதிப்பிடச் சொன்னது, ஒரு விவாதத்தில் பேசியவர் அதே விவாதத்தை மதிப்பிட முடியாது, மதிப்பிட்டவர்கள் நியாயமாக நடந்தார்களா என்று மற்றவர்கள் பார்க்கவும் வழி வைத்தது. எங்கள் ஐவர் எதை நீக்கினாலும் காரணத்தை ஒரு வரியில் எல்லோரும் பார்க்கும்படி எழுத வேண்டும். சாதிப் பெயர் சொல்லி இழிவாகப் பேசினால் மட்டும் காரணம் எழுத வேண்டாம், யோசிக்கவும் வேண்டாம், உடனே நீக்கலாம். அதில் எனக்கு இரண்டு மனம் இல்லை.

இவ்வளவும் செய்தபின் ஒன்றை ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு கள்ள வாக்குகூட இல்லாமல், முறையாக எண்ணி, நேர்மையாக அடுக்கினாலும், எத்தனை பேர் கைதூக்கினாலும் புகையானுக்குப் பைரித்ராய்டு மருந்தாகிவிடாது. வாக்கு எதைச் சொல்லும்? பலருக்கு எது விளங்கியது, எது கைகொடுத்தது என்று சொல்லும். பூச்சி எதற்குச் சாகும் என்பது வாக்கில் இல்லை. எனவே மருந்தின் பெயரோ அளவோ உள்ள பதில்கள் மட்டும் தனி வழியில் போகின்றன. வேளாண் பட்டம் பெற்ற இருவர் அவற்றை ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பரிந்துரைகளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அளவு வெளியே தெரியும். அதுவரை 'சரிபார்க்கப்படுகிறது' என்று நிற்கும். அவசரக் கேள்வி என்று குறித்தால் இருவருக்கும் கைபேசியில் மணி அடிக்கும். பெரும்பாலும் இரண்டு மணி நேரத்தில் பார்த்துவிடுகிறார்கள். சம்பளம் இல்லை. இந்த வேலைக்குச் சம்பளம் தர வேண்டும் என்பது என் கடன், இன்னும் தீர்க்கவில்லை.

சென்ற சம்பாவில் குடவாசல் பெரியவரின் வயலில் மறுபடி அதே அறிகுறி. தளத்தில் கேட்டிருந்தார். மூன்று பதில்கள், எண்ணிக்கை இல்லாமல், முன்பின் குலுங்கி நின்றன. எந்த மருந்தும் வாங்காமல் அன்று மாலையே வயலில் இறங்கியிருக்கிறார். நான்கு மூலையிலும் நடுவிலும் குத்துகளைத் தட்டிப் பார்த்து எண்ணியிருக்கிறார். தூருக்கு, அதாவது குத்தில் கிளைத்த ஒவ்வொரு தண்டுக்கும், ஒரு பூச்சிக்கு மேல் இருந்தால்தான் மருந்து, குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம் என்று வலங்கைமான் பெரியவர் அன்று எழுதியிருந்ததை நினைவு வைத்திருந்தார். சிலந்திகள் நிறைய இருந்தன. தண்ணீரை வடித்துவிட்டு, மேலுரமிட எடுத்து வைத்திருந்த யூரியா மூட்டையைத் திரும்ப வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார்.

உள்ளங்கையில் ஒரு சிலந்தி ஊரும் படத்தோடு இதையெல்லாம் அவரே பதிலாக எழுதிப் போட்டார். அன்று அதற்குக் கிடைத்தவை நான்கு வாக்குகள்.